அரைப் பக்கம்

ஃபாதர் அரைப் பக்கம் கேட்டார்.
கோயிலுக்கு இருபத்தைந்து வருஷம், மலர் போடுகிறார்களாம்.
ஸ்டோர் கீப்பர்தானே, எது எப்போது வந்தது என்று
உனக்குத்தான் தெரியும், எழுது என்றார்.

ராஸ் அல் கைமாவுக்கு வடக்கே, குவாரி ஏற்றத்தில்,
வெடி வைத்துப் பாதியில் விட்ட ஒரு குடைவு.
கல்லில் சிவப்பு ஓடுகிறது, சிமெண்டுக்கு ஆகாது என்று
கம்பெனி ஒதுக்கிய இடம்.
ஹஜர் என்றால் கல்லாம்.
கல் என்றே பெயருள்ள மலையில்
வேண்டாத கல்லில் தொடங்கியது எங்கள் கெபி.

வெளியே சிலுவை கூடாது. இல்லை.
வெளியே ஏசி ஆறு, தண்ணீர்த் தொட்டி ஒன்று,
செருப்பு ஏராளம்.

மாதா வந்தது தூத்துக்குடியிலிருந்து, கண்டெய்னரில்.
சரக்குச் சீட்டில் 'அலங்காரப் பொருள், ஒன்று.'
கையெழுத்துப் போட்டு இறக்கியவன் நான்.
வைக்கோலை விலக்கினால் மூக்கு இல்லை.
சேதம் என்று எழுதினால் அடுத்த கப்பலில் திரும்பிப் போவாள்.
'நல்ல நிலை' என்று எழுதினேன்.
அதற்கு முன் ரிஜிஸ்தரில் நான் பொய் எழுதியதில்லை.
ஃபிட்டர் இஞ்ஞாசி கிரஷர் மாவைப் பசையில் குழைத்து
விடிவதற்குள் ஒரு மூக்கு வைத்தான்,
கொஞ்சம் பெரிசு, அவன் வீட்டுச் சாடை.
உடம்பெல்லாம் ஊர்,
மூக்கு மட்டும் இந்த மலை.
ஆகஸ்டில் கரண்ட் போனால் அது மட்டும் வியர்க்கும்.
புதுமை என்று மெழுகுவர்த்தியோடு வந்தவர்களிடம்
பசை என்று சொல்லி அனுப்பினோம்.
சிலர் போகவில்லை.

பதினாலு ஸ்தலமும் கஸ்பார் வரைந்தது.
ரோட்டுப் போர்டு எழுத வந்தவன்.
'வெடி அபாயம்', 'வேகம் நாற்பது' எழுதி
மிச்சமான அலுமினியத் தகடுகள்.
இரண்டாம் முறை விழுகிற ஆண்டவருக்குப் பின்னால்
கிட்டப் போனால்
இடப்பக்கம் திரும்பச் சொல்லும் அம்புக்குறி தெரியும்.

சீரேனே ஊர் சீமோனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.
நம்மவர் எல்லாருக்கும் ஆண்டவராக நிற்கவே ஆசை.
டம்பர் ஓட்டுகிற பெஷாவர்க்காரர், குல் ஜமான்,
தண்ணீர் குடிக்க இறங்கினார்.
தோள் தருகிறேன், முகம் வேண்டாம் என்றார்.
சாரக்கட்டையைச் சுமந்து அரை மணி நேரம் அசையாமல் நின்றார்,
டம்பர் எஞ்சின் வெளியே ஓடிக்கொண்டிருக்க.
ஐந்தாம் ஸ்தலத்தில் அதனால் முதுகுதான்.
முதுகில் வியர்வை காய்ந்த உப்புக் கோடு.
டீக்குக் காசு நீட்டினோம்,
கும்பிடத்தானே இடம், வைத்துக்கொள் என்றார்.

நாலரைக்குச் சைரன். பிறகு வெடி.
பதினாலு தகடும் சுவரில் ஒரு தடவை முனகும்.
தூசி இறங்கும்,
பீடத்தில், பெஞ்சில், பிலாத்துவின் கை கழுவும் கிண்ணத்தில்.
வியாழன் ராத்திரி துடைக்கிற முறை, அறைக்கு ஒருவர்.
ஆறாம் ஸ்தலம் வியாகுலத்துக்கு.
சம்பளம் நின்ற எட்டு மாசமும்
அவன் அழுத்தித்தான் துடைத்தான்.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
வெரோணிக்கம்மாள் நிற்கிறாள்,
விரித்த துணி அப்படியே இருக்கிறது,
துணியில் பதிந்த முகம் போய்விட்டது.
வெறும் தகடு.

அழுக்குத் துணியை எண்ணி வாங்கி
மாசக் கடைசியில் எரிக்க அனுப்புவது என் வேலை.
ஒன்றை அனுப்பவில்லை.
பழுப்பும், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பும்.
முகம் என்று நான் சொல்லமாட்டேன்.
ஏழாம் ரேக்கில், பேரிங் டப்பாக்களுக்குப் பின்னால்,
எந்த எண்ணும் இல்லாமல் இருக்கிறது.
வியாகுலம் போன வருஷம் ஊருக்குப் போனான்,
பாதிச் சம்பளத்தோடு.

எழுதிக் கொடுத்துவிட்டேன் ஃபாதரிடம்:
மாதா சுரூபம், ஒன்று. ஸ்தலம், பதினாலு.
நிலை: நல்லது.

அரைப் பக்கத்தில்
இன்னும் இடம் இருந்தது.